நாற்பது பங்கு கடல்

அத்தியாயம் 7

"உப்பு எங்க மேடம் இருக்கு?"

"ஃபைல் அலமாரியில. 'உ' வரிசை."

நிஜமாகவே அங்கேதான் இருந்தது. 'உடைமைத் திருட்டு'க்கும் 'உளவு – தனியார்' என்ற கட்டுக்கும் நடுவில், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். லென்ஸ் மேடத்துக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. ஊரே அவரை லென்ஸ் மேடம் என்று கூப்பிட்டாலும் இத்தனை வருடத்தில் அவர் லென்ஸ் வைத்து எதையும் பார்த்து நான் பார்த்ததில்லை. என் பட்டப்பெயர் சில்லறை. இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்ததற்குக் கிடைத்த பென்ஷன் அது.

எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் இருப்பது இரண்டே கண்ணாடி டம்ளர்கள். ஒன்று அவருடையது. இரண்டாவதை நான் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் வாங்கி வந்தார். அதற்கு முந்தைய பதினாலு வருடம் இரண்டாவது டம்ளருக்குத் தேவை வரவில்லை என்று ஒருமுறை சாதாரணமாகச் சொன்னார். கேட்ட எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இன்று இரண்டு டம்ளரிலும் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் கொக்கியைப் போட்டு வைத்திருந்தார். ஆக, காலையிலிருந்து எங்கள் இருவருக்கும் டீ கிடையாது.

கொக்கிகள் மடக்கு ஏணியில் வருபவை. ஏணியை விரித்ததும் இரண்டு கால்களையும் பிடித்துப் பூட்டிக்கொள்வது இந்தக் கொக்கிதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெயிண்டர் உச்சிப்படியில் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, கொக்கி வளைந்து கழன்றது. ஏணி பிளந்தது. அவருக்கு இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வு திரும்பவில்லை.

கொக்கி செய்த தொழிற்சாலை உடனே ஆளைக் காட்டிவிட்டது. கொக்கிக்கு இரண்டு பிளாஸ்டிக்கைக் கலக்க வேண்டும்: கெட்டி அறுபது பங்கு, மெது நாற்பது பங்கு. கெட்டி மட்டும் போட்டால் தட்டினால் சிதறும், மெது மட்டும் போட்டால் வளையும். இந்தக் கலவையைப் போடுகிறவர் ஒரே ஒருவர். அளவில் அவ்வளவு கறார் என்பதால் அவருக்குத் தராசு என்றே பெயர். தராசு அளவை மாற்றிப் போட்டுவிட்டார் என்றார் மேனேஜர். தராசும் ஆமாம் என்றார். இரண்டு வாரமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று நாலு மணிக்கு மேனேஜர் அறையில் இன்ஸ்பெக்டர் முன்னால் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப்போகிறார். போட்டால் ஜெயில்தான்.

எங்களிடம் வந்தது அவருடைய மனைவி. தையல் கடை வைத்திருக்கிறார். பதினோரு வருடமாகப் பிரிந்து இருக்கிறார்.

"டீக்குச் சர்க்கரை போட்டாக்கூட, கரண்டி மேல கத்தியை வச்சு மட்டம் தட்டித்தான் போடுவாரு," என்றார் அந்தம்மா நேற்று, அழாமல். "அப்புறம் என்னையும் மட்டம் தட்ட ஆரம்பிச்சாரு. கோலம் போட்டா கோணல், தச்சா கோணல், சிரிச்சா கோணல். தாங்காம வந்துட்டேன். அவரு ஒருத்தரைக் கொலை பண்ணிட்டாருன்னு சொல்லுங்க, இருக்குமோன்னு யோசிப்பேன். அளவு தப்பாப் போட்டாருன்னு மட்டும் சொல்லாதீங்க."

புருஷன்மேல் இவ்வளவு கோபமும் இவ்வளவு நம்பிக்கையும் ஒரே ஆளிடம் இருந்து நான் பார்த்ததில்லை. போகும்போது தன் கடையில் இருந்த மூன்று வருடப் பழைய ஏணியிலிருந்து ஒரு கொக்கியைக் கழற்றித் தந்தார். அதுதான் முதல் டம்ளரில் இருப்பது. இரண்டாவது டம்ளரில் இருப்பது, நேற்று சாயங்காலம் நான் கடையில் வாங்கிய புத்தம் புது ஏணியின் கொக்கி.

"ரெண்டும் முங்கிடுச்சு மேடம். துக்கம் விசாரிக்கலாமா?"

"விசாரிக்காதே, சந்தோஷப்படு. கெட்டி தண்ணியில முங்கும். மெது மிதக்கும். மெதுவைப் பாதிக்கு மேல போட்டிருந்தா கொக்கி மிதக்கணும். இப்ப உப்பைப் போடு. ரெண்டுலயும் ஒரே மாதிரி, சிட்டிகை சிட்டிகையா, கலக்கிக்கிட்டே."

போட்டேன். ஐந்தாவது சிட்டிகைவரை இரண்டும் அசையவில்லை. ஆறாவதில் பழையது மெல்ல எழுந்தது. நான் மூச்சு விடுவதற்குள் புதியதும் எழுந்தது.

"ரெண்டுலயும் ஒரே அளவு," என்றார் மேடம். "அறுபது, நாற்பது. மைக்ராஸ்கோப் ரிப்போர்ட்டை வச்சு மேனேஜர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. எண்ணெயும் தண்ணியும் மாதிரி இந்த ரெண்டு பிளாஸ்டிக்கும் கரையாது. ஒண்ணு கடலா இருக்கும், இன்னொண்ணு அதுக்குள்ள குட்டிக் குட்டித் தீவா இருக்கும். விழுந்த ஏணியோட கொக்கியில மெதுதான் கடல். எது கடலோ அதைத்தானே அதிகம் போட்டிருக்கணும்னாரு."

"இதைப் பாரு."

ஜன்னல் ஓரத்தில் இரண்டு மருந்து பாட்டில்கள். நேற்று ராத்திரியே இரண்டு கொக்கியிலிருந்தும் ஒரு சீவல் எடுத்து, பெயிண்ட் கரைக்கும் தின்னரில் போட்டு வைத்திருக்கிறார். தின்னர் கெட்டியைக் கரைக்கும், மெதுவைத் தொடாது. பழைய கொக்கியின் சீவல் பொடிப்பொடியாக உதிர்ந்து அடியில் கிடந்தது. கடல் வற்றியதும் தீவுகளுக்குப் பிடிமானம் இல்லை. புதிய கொக்கியின் சீவலோ, போட்ட மாதிரியே முழுசாக நின்றது.

"அதாவது புதுசுல, நாற்பது பங்கு மெது கடலாயிடுச்சு. அறுபது பங்கு கெட்டி தீவாப் போய் உள்ள மாட்டிக்கிச்சு," என்றேன். "அது எப்படி மேடம்? சட்டசபையிலயே நடக்காதே."

"உன் பஸ்ல நடக்கும். அறுபது பேர் உடம்பை இறுக்கிக்கிட்டு நகராம நிக்கறாங்க. நாற்பது பேர் எப்படி வேணா வளைஞ்சு நெளிஞ்சு போறவங்க. கொஞ்ச நேரத்துல என்ன ஆகும்?"

"நாற்பது பேரும் எல்லா இடுக்குலயும் பூந்து, அந்த அறுபது பேரையும் சுத்தி நிப்பாங்க."

"அவ்வளவுதான். உருக்கிக் கலக்கும்போது எது அதிகம்கறது ஒரு கணக்கு. எது அதிகமா இளகி ஓடுதுங்கறது இன்னொரு கணக்கு. இளகினது கொஞ்சமா இருந்தாக்கூடச் சுத்தி வளைச்சுக் கடலாயிடும். எது கடலோ, கொக்கிக்கு அதோட குணம்தான் வரும். ரெண்டு கணக்கும் சமமா இழுத்தா, ரெண்டுமே கடல். ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டுக் கிடக்கும்."

"கல்யாணம் மாதிரி."

"நல்ல கல்யாணம் மாதிரி," என்று திருத்தினார். அவருக்கும் எனக்கும் அதில் அனுபவம் இல்லாததால் பேச்சு அங்கேயே நின்றது.

நான் புதிய கொக்கியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உட்பக்கம் அச்சில் விழுந்த ஒரு பொடி எண் இருந்தது. கிழிந்த டிக்கெட்டில் நம்பர் படித்துப் படித்துப் பழகிய கண் எனக்கு. அது வருடத்தின் எத்தனையாவது வாரத்தில் வார்த்தது என்பதற்கான எண். காலண்டரில் எண்ணிப் பார்த்தேன்.

"மேடம், இது போன வாரம் வார்த்தது. தராசு வீட்டுக்குப் போய் ரெண்டு வாரம் ஆச்சு."

மேடம் எழுந்துவிட்டார். "ஆள் மாறியும் கடல் மாறல. அளவும் தப்பில்லை. அப்ப சரக்குதான் மாறியிருக்கு. கிளம்பு சில்லறை. மூட்டையைப் பாக்கணும்."

பஸ்ஸில் பழக்க தோஷத்தில் கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மத்தியான பஸ், பத்துப் பேர்கூட இல்லை. ஒரு காலத்தில் நாள் முழுக்க ஜனங்களை உரசிக்கொண்டே நடந்தவன் நான். இப்போதெல்லாம் ஒரு முழு நாளில் என்மேல் ஒரு கை படுவது அபூர்வம். இதை மேடத்திடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார், அதனால் சொல்லவில்லை.

மூட்டையைப் பார்க்கத் தொழிற்சாலைக்குள் போகவே தேவைப்படவில்லை. கேட்டில் காவலாளியின் கூண்டுக்கு இரண்டு ஜன்னல். இரண்டிலும் வெயிலுக்குக் காலி மூட்டைகளைப் பிரித்துக் கட்டியிருந்தார். அதே நீல எழுத்து, அதே கம்பெனிப் பெயர். வெளுத்துப்போன மூட்டையில் பெயருக்குப் பின்னால் 2 என்று இருந்தது. புது மூட்டையில் 20.

"பூஜ்யம் ஒண்ணு கூடுதலா ஏறியிருக்கு மேடம். டிக்கெட் எடுத்துதா?"

"அது மெது வர்ற மூட்டைங்க," என்றார் காவலாளி. "பழசு கிழிஞ்சு போச்சு. இந்தப் புதுசு ரெண்டு மாசமாத்தான் வருது."

மேடம் மூட்டையைத் தடவிப் பார்த்தார். "சூடாக்கி உருக்கி, ஒரு சின்ன ஓட்டை வழியா விடுவாங்க. பத்து நிமிஷத்துல எத்தனை கிராம் வழியுதுன்னு பாப்பாங்க. அதுதான் இந்த நம்பர். ரெண்டு கிராம் வழிஞ்ச எடத்துல இப்ப இருபது வழியுது."

"தேன் இருந்த எடத்துல தண்ணி."

"கிட்டத்தட்ட. யார் வாங்கினதுன்னு கேப்போம்."

வாங்கியது ஸ்டோர் அண்ணன். ஸ்டோர்கீப்பர் என்பதைச் சுருக்கி எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ரிட்டையர் ஆகும் வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய சிரிப்பு. அடுக்கடுக்காக மூட்டைகள் நிற்கும் கிடங்கில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதையும் மறைக்கிற ஆளாகத் தெரியவில்லை. மேடம் கேட்டதும் மூட்டைகளைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டாங்கம்மா. இருபது இருக்குன்னாங்க. விட்டுடுவேனா? ரெண்டு எங்க, இருபது எங்க! நல்ல கெட்டி சரக்கு."

"நம்பர் பெரிசானா கெட்டின்னு யார் சொன்னது?" என்றார் மேடம்.

"யார் சொல்லணும்? நான் இங்க வர்றதுக்கு முன்னாடி இருபது வருஷம் என்ஜின் ஆயில் கடையில இருந்தவன். முப்பதை விட நாற்பது கெட்டி, நாற்பதை விட அம்பது கெட்டி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

ஆயிலில் நம்பர் ஏறினால் கெட்டி. இந்தப் பிளாஸ்டிக்கில் நம்பர் ஏறினால் தண்ணீர். திருட்டும் இல்லை, சதியும் இல்லை. ஒரு மனிதர் தனக்கு நன்றாகத் தெரிந்ததை நம்பி ஒரு தப்புச் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

"தராசுதான் பாவம்," என்று அவரே தொடர்ந்தார். "நானும் அவனும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். நான் பேசுவேன், அவன் கேட்டுக்கிட்டு இருப்பான். இந்த மூட்டைகூட அவனுக்குன்னுதான் பாத்து வாங்கினேன். வந்த அன்னிக்கே ஒரு மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான், என்னவோ கேக்க. 'உனக்காகத்தான்டா கெட்டியாப் பாத்து எடுத்தேன்'னேன். தலையாட்டிட்டுப் போயிட்டான். இப்ப போய் அளவுல கோட்டை விட்டுட்டானே!"

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டோர் அண்ணன் இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார். உங்களால்தான் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. "நேரமாச்சு, வர்றோம்," என்றார் மேடம். மணி மூன்றரைகூட ஆகியிருக்கவில்லை.

மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச். அதன் ஒரு நுனியில், பக்கத்தில் நாலு பேர் உட்கார இடம் விட்டு, தராசு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. மடியில் டைப் அடித்த வாக்குமூலம். தூரத்து ஷெட்டில் கலவை மெஷின் ஓடும் சத்தம் இங்கேவரை கேட்டது. நான் சந்தோஷம் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். உப்பு, தின்னர், ரெண்டு, இருபது, என்ஜின் ஆயில் எல்லாம்.

"ஆக, நீங்க தப்பே பண்ணல சார். எழுந்து வீட்டுக்குப் போலாம்."

"தெரியும்," என்றார் தராசு.

"என்ன தெரியும்?"

"இருபதுன்னு தெரியும். அது தண்ணி மாதிரின்னு தெரியும்."

மேடம் மட்டும் ஆச்சரியப்படாமல் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மெஷின்ல ஒரு முள் இருக்குங்க," என்றார் தராசு, எங்களைப் பார்க்காமல். "சரக்கு கெட்டியா இருந்தா மோட்டார் முக்கும், முள் ஏறும். எப்பவும் நாற்பதுல நிக்கும். அன்னிக்கு இருபத்தாறு. கையால தொட வேண்டியதில்லை, சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. மூட்டையைப் பாத்தா இருபது."

"தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போனீங்க," என்றார் மேடம். "கேக்கப் போகல. சொல்லப் போனீங்க."

"ஆமாங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவரு சிரிச்சாருங்க. உனக்காகத்தான்டான்னாரு. எனக்காகன்னு யாராவது ஒண்ணு வாங்கி எத்தனை வருஷமாச்சு. வீட்டுல யாரும் இல்ல. ஷெட்ல அந்தச் சத்தத்துக்கு ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. ஒரு நாள் முழுக்க என்கூடப் பேசறது அவரு ஒருத்தருதான். நான் யாரைத் திருத்தினாலும் போயிடறாங்க மேடம். என் பொண்டாட்டியும் அப்படித்தான் போனா. சரி, இந்த ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருப்போமேன்னு இருந்துட்டேன்."

கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றாத நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு.

"அந்தப் பெயிண்டர் படுத்திருக்கறது என் வாயால," என்றார். "ஜெயிலுக்கு நான்தான் போகணும். அளவு தப்புன்னு எழுதினா அண்ணனை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவரு நிம்மதியா ரிட்டையர் ஆகட்டும்."

மேடம் கைப்பையிலிருந்து புதிய கொக்கியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "உள்பக்கம் படிங்க."

படித்தார். விரல் விட்டு வாரங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"நான் போனப்புறம் வார்த்ததா?"

"உங்க எடத்துக்கு வந்த ஆளு அளவெல்லாம் சரியாத்தான் போடறாரு. மூட்டை மட்டும் அதேதான். சில்லறை இதை நேத்து கடையில வாங்கினான். கடையில இன்னும் அடுக்கி வச்சிருக்காங்க."

"ரெண்டை வரவழைச்சிருப்பாங்கன்னு நெனச்சேனே!"

"யார் சொல்லி வரவழைப்பாங்க? தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. நீங்க பேசாம இருக்கீங்க. உங்க கையெழுத்து விழுந்ததும் கேஸை மூடிடுவாங்க. ஏணி வித்துக்கிட்டே இருக்கும். அடுத்து யார் ஏறி நிக்கப்போறாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

தராசு கொக்கியை இறுக்கிப் பிடித்தார். அது வளைந்து கொடுத்தது. வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஒரு போன் பண்ணிக்கட்டுமா?" என்றார்.

என் போனைக் கொடுத்தேன். நம்பர் அவருக்கு மனப்பாடம். ஸ்டோர் அண்ணனின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என்னடா, முடிஞ்சுதா?"

"இல்லண்ணே. அண்ணே, அந்த இருபது கெட்டி இல்லண்ணே. இதுல நம்பர் ஏற ஏற இளகிடும். கொக்கி வளைஞ்சது அதனாலதான். எனக்கு மொத நாளே தெரியும்."

"அதைச் சொல்லத்தான் அன்னிக்கு மூட்டையைத் தூக்கிட்டு வந்தியா?"

"ஆமாண்ணே."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்துடுவீங்களோன்னு..."

"திருப்பி அனுப்பியிருப்பேனேடா." அந்தப் பெரிய குரல் உடைந்து கிழவனின் குரலாகிவிட்டது. "ஒரு போன் பண்ணி மூட்டையைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவ்வளவுதானேடா. தெனம் ஒண்ணா உக்காந்து சாப்ட்டமே, என்னை இவ்வளவுதானா உனக்குத் தெரியும்?"

தராசு பதில் சொல்ல வாயைத் திறந்தார். லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் படியேறி வந்தார். தராசு எழுந்து நின்று, "ஐயா, மொதல்ல அந்த மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. கடைக்குப் போன ஏணியெல்லாம் திரும்ப வரணும்," என்றார். பிறகு உட்கார்ந்து, டைப் அடித்த வாக்குமூலத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தார். கோடு போடாத தாளிலும் வரி நூல் பிடித்தாற்போல நேராகப் போனது.

நான் எட்டிப் பார்த்தேன். ஸ்டோர் அண்ணனைப் பற்றியோ நம்பரைப் பற்றியோ இன்னும் எழுதவில்லை. முதல் வரியில், 'சொன்னால் கேட்க எனக்கு ஓர் ஆள் இருந்தார், நான் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தார்.